தொட்டி நிறையத் தண்ணீர், ஆனாலும் துவளும் செடி: 12 குழி ஹைட்ரோபோனிக் பெட்டி சேலத்துக்கு ஒத்துவருமா?

மண்ணில்லாமல், சத்து கலந்த தண்ணீரிலேயே மேசைமேல் வைத்துக் கீரை வளர்க்கும் 12 குழி ஹைட்ரோபோனிக் பெட்டி இப்போது பல பெயர்களில் விற்கிறது. மேல்மூடியின் நிறமும் ஸ்டிக்கரும்தான் வேறு, உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சரக்கு. அதனால் எந்தப் பெயரையும் சொல்லாமல் பெட்டியைப் பற்றியே பேசலாம். முடிவை முதலில் சொல்லிவிடுகிறோம்: வாங்கலாம். ஆனால் டப்பாவைப் பிரித்து, கையேட்டில் போட்டிருப்பதை அப்படியே செய்தால் சேலத்தில் சித்திரை மாதம் செடி நிற்காது. கூடவே ஓர் ஏர் பம்ப், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டர், தண்ணீரில் விடும் ஒரு வெப்பமானி மூன்றும் வேண்டும். ஏற்காட்டில் முதலாவது இல்லாமலும் சமாளிக்கலாம். மற்ற இரண்டும் அங்கேயும் தேவை.

பெட்டிக்குள் நாலரை லிட்டர் பிடிக்கும் தொட்டி, 3 வாட் அளவில் ஒரு சின்ன நீர்மூழ்கி மோட்டார், 24 வாட் எல்இடி விளக்கு, விளக்கை ஏற்றி இறக்க ஒரு கம்பி, 12 வலைக்கூடை, ஸ்பாஞ்சு, இரண்டு பகுதியாக வரும் சத்துக்கரைசலின் ஏ பாட்டில், பி பாட்டில். விளக்கு 16 மணி நேரம் எரிந்து 8 மணி நேரம் அணையும். மோட்டார் அரை மணி ஓடி அரை மணி நிற்கும். இரண்டும் சேர்ந்து இரண்டு மாதக் கரண்ட் கணக்கில் சுமார் 25 யூனிட் ஆகும். விளக்கு நன்றாகவே இருக்கிறது, இலைக்கு மேல் 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் கீரைக்குப் போதும். பிளாஸ்டிக்கும் உறுதியானதுதான். குறை எல்லாம் தண்ணீர்ப் பக்கத்தில்.

முதல் குறை தொட்டியில் போட்டிருக்கும் 'மேக்ஸ்' கோடு. அந்தக் கோடுவரை நிரப்பினால் தண்ணீர் கூடையின் அடியைத் தொடும். விதை முளைக்கும் நாட்களில் அது சரி, ஸ்பாஞ்சு நனைந்திருக்க வேண்டும். வேர் கூடையைத் தாண்டி ஐந்தாறு சென்டிமீட்டர் இறங்கிய பிறகும் அதே கோடுவரை ஊற்றிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாலான வாட்டத்துக்குக் காரணம். இலைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டுமோ அதே அளவுக்கு வேருக்குக் காற்று வேண்டும். மூச்சு முட்டிய வேர் தண்ணீரை இழுக்காது. அப்போது மேலே இலை தாகத்தில் தொங்கும். அதைப் பார்த்து இன்னும் ஊற்றினால், மிச்சம் காற்றில் இருந்த வேரும் மூழ்கிப்போகும்.

சரியான வழி: வேர் நீண்டதும் தண்ணீர் மட்டத்தைக் கூடையின் அடியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே இறக்கி, வேரின் மேல் மூன்றில் ஒரு பங்கு ஈரக் காற்றில் தொங்கும்படி விட வேண்டும். அந்த இடத்தில் பஞ்சு போலப் பொடி வேர்கள் கிளம்பும். அவை காற்றை எடுக்கப் பழகியவை. எனவே தண்ணீர் குறைந்து மூன்று நாள் கழித்து ஒரேயடியாக மேக்ஸ் கோடுவரை நிரப்பக் கூடாது. குறைந்ததில் பாதியை மட்டும் ஊற்றுங்கள். கையேட்டில் இந்த வரி ஒன்று இருந்திருந்தால் எத்தனையோ செடிகள் பிழைத்திருக்கும்.

இரண்டாவது குறை, மோட்டார் தண்ணீரைச் சுற்றிவிடுகிறதே தவிர அதில் காற்றைக் கலக்குவதில்லை. வெளியேறும் வாய் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. மேற்பரப்பு கலங்கினால்தான் காற்று உள்ளே போகும். குளிர்ந்த ஊரில் இது பெரிய குறையாகத் தெரியாது. சேலத்தில் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். கடல்மட்டத்தில் 20 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது 7.5, 35 டிகிரியில் 6.9. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர்தான், இந்த அளவுகள் கொஞ்சம்தான் குறையும். ஏற்காடு 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் 20 டிகிரித் தண்ணீரிலும் ஏழரை மில்லிகிராம்தான் நிற்கும். அதாவது ஏற்காட்டின் 20 டிகிரித் தண்ணீரும் சேலத்தின் 30 டிகிரித் தண்ணீரும் ஆக்சிஜனில் கிட்டத்தட்ட ஒன்று. அப்படியானால் ஏற்காட்டில் செழிக்கும் லெட்யூஸ் என்னும் சாலட் கீரை சேலத்தில் ஏன் சாய்கிறது? வேரின் தேவை மாறுகிறது. தண்ணீர் 10 டிகிரி சூடேறினால் வேர் சுவாசிக்கும் வேகம் சுமார் இரட்டிப்பாகும். வரவு அதேதான், செலவு இரண்டு மடங்கு. போதாக்குறைக்கு, வேரழுகலைக் கொண்டுவரும் பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிருக்கு 28 டிகிரிக்கு மேல் கொண்டாட்டம்.

ஆகவே தண்ணீர் 18 முதல் 24 டிகிரிக்குள் இருந்தால் கவலை இல்லை. 28-ஐத் தாண்டினால் ஏர் பம்ப் கட்டாயம். அலங்கார மீன் கடையில் கிடைக்கும் ஒற்றை வாய் பம்ப், ஒரு மீட்டர் குழாய், காற்றைச் சிறு குமிழிகளாக விடும் ஒரு விரல் நீள ஏர் ஸ்டோன், ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போதும். பயன்படுத்தாத ஒரு குழி வழியாகக் குழாயை இறக்கலாம். பம்பைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து பம்புக்குள் இறங்கும். வால்வு அதைத் தடுக்கத்தான். ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும், டைமரில் போடக் கூடாது.

தண்ணீரைக் குளிர்விக்க ஐஸ் பாட்டில் போடும் பழக்கம் நல்லதுதான், அளவு தெரிந்து போட்டால். நாலரை லிட்டர் தண்ணீர் 33 டிகிரியில் இருக்கும்போது 200 மி.லி. பாட்டிலை உறையவைத்துப் போட்டால் ஐஸ் முழுதும் உருகும்போது சுமார் 5 டிகிரி குறையும். அது போதும். அரை லிட்டர் பாட்டிலைப் போட்டால் சுமார் 11 டிகிரி குறைந்துவிடும். திடீரெனக் குளிர்ந்த வேரும் தண்ணீர் இழுக்காது, செடி மறுபடியும் துவளும். தொட்டியைச் சுற்றி வெள்ளைத் துணியோ அலுமினியத் தாளோ கட்டுவது, மேற்குச் சுவரை ஒட்டி வைக்காதிருப்பது, ஃபிரிட்ஜின் மேல் வைக்காதிருப்பது ஆகியவை ஐஸைவிட அதிகம் உதவும். இன்னொன்று: மதியம் இரண்டு மணிக்கு மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். அது கை சுடும் சூட்டில் வரும். காலையில் ஒரு குடத்தில் பிடித்துவைத்து மாலையில் ஊற்றுங்கள். குளோரின் வாடையும் போயிருக்கும்.

அடுத்தது உப்பு. சேலத்தில் இந்தப் பெட்டி வாங்குகிறவர்கள் வேரழுகலுக்கு அடுத்தபடியாகத் தடுக்கிவிழுவது இங்கேதான்.

மேட்டூரிலிருந்து வரும் மாநகராட்சித் தண்ணீர் ஒரு மாதிரி, வீட்டுப் போர் தண்ணீர் வேறு மாதிரி. பல பேட்டைகளில் போர் தண்ணீரின் டிடிஎஸ் 800-ஐத் தாண்டும். கையேடு இரண்டு விதமாக வழி சொல்கிறது: ஒன்று, லிட்டருக்கு இத்தனை மி.லி. சத்து ஊற்று என்பது. மற்றது, மீட்டர் 700 காட்டும்வரை ஊற்று என்பது. உப்புத் தண்ணீரில் இரண்டுமே தப்பு. மி.லி. கணக்கில் ஊற்றினால் 800-உடன் 600 சேர்ந்து 1,400 ஆகும். அந்தக் கரைசல் இளஞ்செடியின் வேருக்குள் தண்ணீரைப் போகவிடாது, செடி தண்ணீருக்குள் நின்றபடியே தாகத்தில் வாடும். மீட்டர் கணக்கில் ஊற்றினால், 600 உள்ள தண்ணீரில் 100 அளவுக்குத்தான் சத்து சேரும். செடி பட்டினியில் வெளிறும். ஆக, முதலில் வெறும் தண்ணீரை அளந்து பாருங்கள். 200-க்குள் இருந்தால் அப்படியே பயன்படுத்தலாம். அதற்கு மேல் என்றால் ஆர்.ஓ. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து மறுபடி அளக்க வேண்டும். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் பெட்டியில் ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் உப்பு செறிந்திருக்கும், வேண்டவே வேண்டாம். அடுக்குமாடிகளில் சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீரும் ஆகாது. சுண்ணாம்புக்குப் பதில் அதில் சோடியம் ஏறியிருக்கும்.

மாமாங்கம், செட்டிச்சாவடி பக்கம் மேக்னசைட் சுரங்கங்கள் இருக்கின்றன. அந்தப் பாறையின் வழி வரும் நிலத்தடி நீரில் மெக்னீசியம் தூக்கலாக இருக்கும். இலை மஞ்சளானதும் "எப்சம் உப்பு போடு" என்று எல்லோரும் சொல்வது அங்கே எடுபடாது, அதுவும் மெக்னீசியம் உப்புதான். மெக்னீசியம் ஏறினால் செடி கால்சியத்தை எடுப்பது குறையும், நடு இலைகளின் நுனி கருகும். அந்தப் பகுதியில் ஆர்.ஓ. தண்ணீரை அதிகம் கலப்பதுதான் தீர்வு. மாவட்டத்தின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் பரிசோதித்துத் தருகிறார்கள், ஒரு முறை கொடுத்துப் பார்த்துவிட்டால் எவ்வளவு கலப்பது என்று குழம்ப வேண்டியதில்லை.

மீட்டரைப் பற்றி ஒரு சொல். நம்மிடம் விற்கும் பேனா மீட்டர்களில் பெரும்பாலானவை ஈசி (கரைசல் மின்சாரத்தைக் கடத்தும் அளவு, உப்பு ஏற ஏற இதுவும் ஏறும்) 1.0 என்பதை 500 பிபிஎம் டிடிஎஸ் என்று காட்டும். சில 700 என்று காட்டும். எந்த வகை என்று தெரியாமல் அளவு பேசினால் குழப்பம்தான், ஈசி காட்டும் பொத்தான் இருந்தால் அதையே நம்புங்கள். லெட்யூஸுக்கு ஈசி 0.8 முதல் 1.2, துளசி வகைகளுக்கு 1.0 முதல் 1.6, பாலக்கீரைக்கு 1.8 முதல் 2.3, புதினாவுக்கு 2.0-ஐ ஒட்டி. புதினாவையும் லெட்யூஸையும் ஒரே தொட்டியில் வைத்தால் ஒன்று வாடும், அல்லது மற்றது மெலியும். கலந்துதான் வைப்பேன் என்றால் 1.3-இல் நிறுத்துங்கள்.

முழுதாக வளர்ந்த 12 செடி கோடையில் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்கூடக் குடிக்கும். செடி தண்ணீரை வேகமாகவும் உப்பை மெதுவாகவும் எடுக்கும். ஈசி 1.3-இல் தொடங்கிய நாலரை லிட்டர் பாதியாகும்போது 2.2-ஐத் தொட்டிருக்கும். அதன்மேல் மறுபடியும் ஏ, பி ஊற்றினால் முடிந்தது கதை. அளவு ஏறியிருந்தால் வெறும் தண்ணீர், இறங்கியிருந்தால் சத்து. பதினைந்து நாளுக்கு ஒரு முறை முழுதும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குவது நல்லது. ஏ பாட்டிலையும் பி பாட்டிலையும் தண்ணீர் சேர்க்காமல் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. கால்சியம் கரையாத வண்டலாக அடியில் படிந்துவிடும். தொட்டியில் தண்ணீர் ஊற்றி, ஏ ஊற்றிக் கலக்கி, பிறகு பி.

பிஎச், அதாவது கரைசலின் அமில-கார அளவு, 5.5 முதல் 6.5 வரை இருக்கலாம். போர் தண்ணீரில் அது 7.5-க்கு ஏறிக்கொண்டே இருக்கும். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் இறங்கும், ஓரிரு நாளில் திரும்ப ஏறும், கூடவே தொட்டியில் வழவழப்பும் சேரும். பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த 'பிஎச் டவுன்' சொட்டு மருந்தை வாங்கிக்கொள்வதே மேல். பிஎச் தப்பினால் இலை வெளிறும், அதனால் மட்டும் செடி ஒரே நாளில் தொங்காது. தொங்கும் செடியைப் பார்த்துப் பதறி முதலில் பிஎச் சொட்டு விடுகிறவர்கள் நேரத்தைத்தான் இழக்கிறார்கள்.

அப்படியானால் எதை முதலில் பார்ப்பது? கடிகாரத்தை. மதியம் தொங்கி, விளக்கு அணைந்த பிறகு இலை தானாக நிமிர்ந்தால் வேர் பிழைத்திருக்கிறது என்று பொருள். அறைச் சூடு, விளக்கின் நெருக்கம், நேரே படும் ஃபேன் காற்று, உப்பு ஏற்றம் இவற்றில் ஒன்று. விளக்கை ஒரு கை உயரம் ஏற்றுங்கள், ஈசி பாருங்கள். விளக்கு எரியும் நேரத்தைப் பகலிலிருந்து மாற்றி, மாலை ஐந்துக்குத் தொடங்கி காலை ஒன்பதுக்கு முடியும்படி வைத்தால் சேலத்துக் கோடையில் பாதிப் பிரச்சினை தீரும். விடிகாலையிலும் தொங்கியே கிடந்தால் வேரில் கோளாறு. அடுத்து, ஒரு செடியா, எல்லாமா? எல்லாம் என்றால் மோட்டார், சூடு, உப்பு. ஒன்று மட்டும் என்றால் அதன் கூடையைத் தூக்கிப் பாருங்கள். ஸ்பாஞ்சு காய்ந்திருக்கும், அல்லது பக்கத்துச் செடியின் வேர் அதைச் சுற்றி நெரித்திருக்கும், அல்லது தண்டின் கழுத்து கறுத்து நூலாக மெலிந்திருக்கும். கழுத்து அழுகிய நாற்று பிழைக்காது. எடுத்துப் போட்டுவிட்டு ஸ்பாஞ்சையும் மாற்றுங்கள்.

வேரின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். சத்துக்கரைசலின் இரும்பு பட்டு வேர் டீ நிறத்துக்கு மாறும், கையில் திடமாக இருந்தால் அது நல்ல வேர்தான். இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். மேல்தோல் வழுக்கிக்கொண்டு கழன்று, நடுவில் ஒரு நூல் மட்டும் மிஞ்சினால் அது பித்தியம். சாக்கடை வாடையும் கூடவே வரும்.

அழுகல் என்று தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. கரைசல் முழுவதையும் கொட்டுங்கள். அழுகிய வேரைச் சுத்தமான கத்தரிக்கோலால் நறுக்கி, மிச்ச வேரை அறைச் சூட்டுத் தண்ணீரில் அலசுங்கள். தொட்டியில் லிட்டருக்கு 10 மி.லி. கணக்கில் வீட்டு பிளீச் திரவம் கலந்து மோட்டாரை அரை மணி ஓட்டி, கொட்டி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவிக் காயவைக்க வேண்டும். பிளீச்சோடு பிஎச் சொட்டையோ வேறு அமிலத்தையோ சேர்க்கவே கூடாது, நச்சுவாயு வரும். பிறகு பாதிச் சத்தில், ஈசி 0.6-இல், புதுக்கரைசல். மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதம். லிட்டருக்கு ஒன்றரை மி.லி. போதும், 3 சதவீதப் பாட்டில் என்றால் 3 மி.லி. மூன்று நாள் கழித்து இன்னொரு முறை. டிரைக்கோடெர்மா, பேசிலஸ் போன்ற நல்ல நுண்ணுயிர்களை ஊற்றுகிறவர்கள் இதோடு சேர்த்து ஊற்ற வேண்டாம், அவையும் செத்துவிடும். வேர் குறைந்துவிட்டதால் இலையையும் மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும், விளக்கைப் பத்து மணி நேரமாக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் வெள்ளை முனைகள் தெரிந்தால் பிழைத்தது. தெரியாவிட்டால் லெட்யூஸைக் காப்பாற்ற முயல வேண்டாம், பக்கத்துச் செடிகளுக்கும் தொற்றும். புதினா, துளசி என்றால் நுனியில் ஒரு சாண் அளவுக்குக் கிள்ளி, கீழ் இலைகளை உருவிவிட்டு, வெறும் தண்ணீரில் வைத்தால் பத்து நாளில் புது வேர் விடும். நோயுற்ற வேரோடு மல்லுக்கட்டுவதைவிட அதுவே சுருக்கு வழி.

ஏற்காட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லையில் பாதி இல்லை. அங்கே வேறொன்று. மார்கழி, தை இரவுகளில் தொட்டித் தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போகும். காலையில் விளக்கு எரிந்ததும் இலை சூடாகும், குளிர்ந்த வேர் ஈடுகொடுக்காது, எட்டு மணிக்கே துவளும், பத்து மணிக்கு நிமிரும். மீன் தொட்டிக்கான 25 வாட் ஹீட்டரை 20 டிகிரியில் வைத்தால் சரியாகும். தொட்டி வறண்ட நிலையில் அதை ஓடவிடக் கூடாது. பெட்டியைச் சன்னலிலிருந்து தள்ளி வைத்தாலே சிலருக்குப் போதும். மூடுபனி நாட்களில் இலையிலிருந்து நீர் வெளியேறாததால் கால்சியம் மேலே ஏறாது, நடு இலையின் நுனி கருகும். ஒரு சின்ன யுஎஸ்பி ஃபேன் இலைகள் லேசாக அசையும் அளவுக்கு ஓடட்டும்.

எதை விதைப்பது என்பதிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. சேலத்தில் பங்குனி முதல் ஆனி வரை லெட்யூஸையும் கொத்தமல்லியையும் விட்டுவிடுங்கள். வள்ளல் கீரை, பொன்னாங்கண்ணி, புதினா, திருநீற்றுப் பச்சிலை ஆகியவை சூட்டைத் தாங்கும். ஏற்காட்டில் லெட்யூஸ் ஆண்டு முழுவதும் வரும்.

டைமரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கரண்ட் போய் வந்தால் பல பெட்டிகளில் டைமர் அந்த நொடியிலிருந்து புதிதாக 16 மணி நேரத்தைத் தொடங்குகிறது. தனி டைமர் பிளக் ஒன்றை, உள்ளே பேட்டரி உள்ளதாகப் பார்த்து வாங்கி, விளக்கின் வயர் தனியாக இருந்தால் அதில் மாட்டிவிடலாம். மோட்டாருக்கும் விளக்குக்கும் ஒரே வயர் உள்ள பெட்டியில் இது முடியாது. கடையில் பிரித்துப் பார்த்து, இரண்டு வயர் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். பயன்படுத்தாத குழிகளுக்கு மூடி தருகிறார்களா, மோட்டார் தனியாகக் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். மூடி இல்லாத குழி வழியாக வெளிச்சம் இறங்கினால் தொட்டி பாசி பிடிக்கும். மோட்டாரில் வேர் சுற்றிக்கொண்டு நிற்பது சாதாரணம், முன்மூடியைக் கழற்றி, காந்த விசிறியை உருவி, பழைய பல் பிரஷால் தேய்த்தால் பெரும்பாலும் மறுபடி ஓடும். ஓடாவிட்டால், அலங்கார மீன் கடையில் அதே அளவு வாய் உள்ள மோட்டார் கிடைக்கும், ஆனால் பெட்டியோடு வந்தது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று அடாப்டரில் பார்த்துக்கொண்டு போங்கள்.